மலிவும் நீதியும்: நாடுகளின் இணையக் கட்டண ஒப்பீடு பற்றிச் சில சிந்தனைகள்

நாடுகளை நிரைப்படுத்தி நோக்குதல் இக்கால ஆய்வாளர்க்குப் பெரிதும் உவப்பான தொழில். வருமானம், எழுத்தறிவு, சிசு மரணம் என்பன போலவே அகலப்பட்டை இணையத்தின் கட்டணமும் அவ்வாறு நிரைப்படுத்தப்படுகின்றது. அத்தகைய பட்டியல்களில் இலங்கை பெரும்பாலும் மலிவான நாடுகளின் வரிசையிலேயே இடம்பெற்று வந்துள்ளது. இம்மலிவு உண்மையில் எதனைக் குறிக்கின்றது? ஒரு சமுதாயம் தன் கடமையை நிறைவேற்றிவிட்டது என்பதற்கு இது சான்றாகுமா? இவ்வினாக்களைத் திருகோணமலை மாவட்டத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நாணய அளவுகோலை நோக்குவோம். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணய மாற்று வீதம், மே மாதமளவில் ஏறத்தாழ 360 ரூபாவாகியது. அதே ஆண்டு செப்டெம்பரில், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியுடன் இணையக் கட்டணம் 20 சதவீதத்தால் உயர்த்தப்பட்டது. கணக்கிட்டுப் பார்ப்பின், 1000 ரூபாப் பொதியொன்றின் விலை முன்னர் 5 டொலர். உயர்வின் பின்னர் 1200 ரூபாவாகிய அதே பொதியின் விலை ஏறத்தாழ 3.33 டொலர் மட்டுமே. டொலரிற் கணிக்கும் பட்டியலில் இந்நாட்டு இணையம் மலிந்துவிட்டது. நம் மக்களுக்கோ, அரிசியும் எரிபொருளும் எட்டாத விலைக்கு ஏறிய அவ்வாண்டில், அது மேலும் ஒரு பாரமாயிற்று.

இக்குறையை உணர்ந்தோர் விலையை வருமானத்துடன் ஒப்பிட்டனர். ஐக்கிய நாடுகள் சார்ந்த அகலப்பட்டை ஆணைக்குழு 2018 இல் ஓர் இலக்கை வகுத்தது. வளர்முக நாடுகளில் அடிப்படை இணையச் சேவையின் கட்டணம் 2025 அளவில் தலைக்குரிய மாத வருமானத்தின் 2 சதவீதத்திலும் குறைதல் வேண்டும் என்பதே அது. முன்னையதிலும் இது நேரிய அளவுகோல் என்பதில் ஐயமில்லை. எனினும் இங்கே கொள்ளப்படுவது சராசரி வருமானமாகும். மாதம் 100,000 ரூபா பெறும் ஒருவரும் 20,000 ரூபா பெறும் ஒருவரும் மட்டுமே வாழும் ஊரொன்றைக் கற்பனை செய்வோம். சராசரி 60,000 ரூபா. 1000 ரூபாப் பொதி அதன் 2 சதவீதத்திலும் குறைவு; இலக்கு எய்தப்பட்டது. வறியவருக்கோ அது 5 சதவீதம்.

மொத்தக் கணக்கு எதனை மறைக்கின்றது என்பதைத் திருகோணமலை மாவட்டம் வேறொரு வகையில் நமக்கு உணர்த்தியுள்ளது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது, அது இந்நாட்டின் மிக நீண்ட பாலம் எனப் போற்றப்பட்டது. ஆயினும் அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், புதிய பாலம் கட்டிமுடியாத நிலையில், மக்கள் மிதவையிலேயே நீரைக் கடந்தனர். 2021 நவம்பர் 23 ஆம் நாள் அம்மிதவை கவிழ்ந்து, பாடசாலைச் சிறார் உட்படப் பலர் உயிரிழந்தனர். அத்துயரை இணையக் கட்டணத்துடன் ஒப்பிடுதல் நம் கருத்தன்று. மாவட்டத்துக்குப் பாலம் உண்டு என்னும் கணக்கு, பாலமில்லாத துறையில் நிற்கும் குழந்தையைக் காண்பதில்லை என்பதே கருத்து.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, கல்வி கைத்தொலைபேசி வழியே புகட்டப்படலாயிற்று. அப்போது மூதூரிலோ குச்சவெளியிலோ கடற்றொழிலால் வாழும் குடும்பமொன்றின் நிலையை எண்ணிப் பார்ப்போம். மூன்று பிள்ளைகள், ஒரே கைத்தொலைபேசி, கடல் கொந்தளிக்கும் நாட்களில் வருமானமில்லை. டேட்டா தீரும் தறுவாயில் யாருடைய பாடம் நிறுத்தப்படும்? மூத்தவன் பரீட்சைக்குத் தோற்ற இருப்பவன் என்பதால் இளையவள் விட்டுக்கொடுக்கின்றாள். இவ்விட்டுக்கொடுப்பு எந்த நாட்டுப் பட்டியலிலும் பதிவாவதில்லை. பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1979 இல் ஆற்றிய உரையொன்றில், சமத்துவம் எதிலே என வினவினார். ஒருவரிடம் உள்ள பொருளின் அளவை மட்டும் நோக்குதல் போதாது. அதனைக் கொண்டு அவரால் எதனைச் செய்ய இயல்கின்றது என்பதையே நோக்குதல் வேண்டும் என்பது அவர்தம் விடையின் சாரம். இளையவளின் வீட்டிலும் இணையம் உண்டு. அவளுக்குப் பாடம் இல்லை.

அங்ஙனமாயின் நாடுகளை ஒப்பிடுதலே வீண் எனக் கொள்ளலாமோ? அன்று. பிற நாட்டு நிலையை அறியாத மக்கள் தம் நாட்டு நிலையை விதியென ஏற்றுக்கொள்வர். அம்மயக்கத்தை ஒப்பீடு தெளிவிக்கும். ஆனால் எதனை ஒப்பிடுகின்றோம் என்பதே வினா. பின்லாந்து 2010 யூலையில், வினாடிக்கு ஒரு மெகாபிட் வேகமுள்ள இணைய இணைப்பைப் பெறுதலைக் குடிமக்கள் அனைவரதும் சட்ட உரிமையாக்கியது. அது செல்வ நாடு. அதன் வசதிகளை நாம் விரைவில் எய்துதல் அரிது. எனினும் அது சிந்திக்கத் தொடங்கிய இடம் நமக்கும் எட்டாததன்று. சராசரி வீட்டிலிருந்தன்று, கடைசி வீட்டிலிருந்தே அது தொடங்கியது.

ஆழத்தால் உலகப் புகழ் பெற்ற இயற்கைத் துறைமுகமொன்றின் கரையில் வாழ்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது. கப்பலைத் துறைக்குள் செலுத்தும் மீகாமன் துறைமுகத்தின் சராசரி ஆழத்தைக் கேட்பதில்லை. கப்பல் செல்லும் வழியில் ஆகக் குறைந்த ஆழம் எவ்வளவு என்றே கேட்பான். ஒரு நாட்டின் இணையம் மலிவானதா என்பதையும், அவ்வாறே, அந்நாட்டின் ஆக வறிய வீட்டின் வாயிலில் நின்றே கேட்டல் வேண்டும். அவ்வீட்டின் இளையவளும் தன் பாடத்தைத் தொடர இயலுமாயின், அன்று அதனை மலிவு என்போம்.