கழியும் உறங்கவில்லை



திருவாய்மொழி இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழியில் ஸ்வாமி நம்மாழ்வார் பராங்குச நாயகியாய்ப் பேசுகிறார். நாரை, அன்றில், கடல், வாடை, மேகம், மதி, இருள், கழி, விளக்கு என ஒவ்வொன்றையும் விளித்து, தன்னைப்போல அவையும் எம்பெருமானைப் பிரிந்து வருந்துவதாகக் கொண்டு பரிகிறாள் நாயகி. எட்டாம் பாசுரம் கழிக்கு உரியது. நாற்பதாண்டு கோஷ்டியில் சேவித்தும் அப்பாசுரத்தில் மட்டும் அடியோங்கள் நெஞ்சு தங்கியதில்லை. கடலுக்கு அலையும் ஓலமும் உண்டு. அசையாது கிடக்கும் கழி எதற்காக உறங்காதிருக்கும் என்றே எண்ணியிருந்தோம்.

வங்கிப் பணியில் இருந்த காலத்து, படகுக்கும் வலைக்கும் கொடுத்த கடனை வசூலிக்கப் பழவேற்காட்டுக் குப்பங்களுக்குச் செல்வதுண்டு. சில்காவுக்கு அடுத்து இந்நாட்டின் பெரிய உவர்நீர்க் கழி அது. அங்கே எந்த இடத்தில் எவர் என்று வலை கட்டுவது என்பதைச் சீட்டுப்போட்டு முறைவைத்துக்கொள்வர். அம்முறைக்குப் 'பாடு' என்று பெயர். (துன்பத்தையும் நாம் பாடு என்றே சொல்கிறோம்.) கழியைக் கடலோடு சேர்ப்பது முகத்துவாரம். மணல் மேடிட்டு அது தூர்ந்தால் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வர வழியில்லை. கோடையில் நீர் வற்றி உப்பேறும்.

அத்தகைய ஒரு கோடையில், தவணை தவறிய முதியவர் ஒருவரிடம் நோட்டீஸை நீட்டினோம்.

"பாடு இருக்கு சார், மீன்தான் இல்ல. முகத்துவாரம் அடைச்சிக்கிச்சு. ராவெல்லாம் ஏரியப் பாத்துக்கினு குந்தியிருக்கேன். அதுவும் தூங்கல, நானும் தூங்கல" என்றார்.

கையொப்பம் பெற்றுத் திரும்பினோம். கோப்பில் 'ஐயக்கடன்' என்று எழுதியதும் அடியோங்கள் கைதான்.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் கோஷ்டியில் எட்டாம் பாசுரம் வந்தபோது குரல் எழவில்லை. இரவும் பகலும் ஓய்ந்தாலும் ஓயாமல், சகடம் உதைத்தவனின் அருளுக்கு ஏங்கிக் கிடப்பதாக நாயகி கழியைச் சொல்கிறாள். அதையே அம்முதியவர் தம் பேச்சில் சொன்னார். திருவாய்மொழி அறிந்த அடியோங்கள் செவிக்கு அன்று அது எட்டவில்லை.

இப்பதிகத்தில் வரும் பொருள்களை நாயகியின் சமதுக்கிகளாகக் காட்டுவர் பூர்வாசார்யர்கள். தன் நோவைச் சொல்லவந்தவள் பிறிதொன்றன் நோவை விசாரித்து நிற்கிறாள். தன்னை வெளியிடுதல் என்று இக்காலத்தார் சொல்வதில் பெரும்பாலும் இவ்விசாரிப்பு இல்லை. அடியோங்களோ உறங்காத கண்களின் எதிரே நின்று தவணைத் தேதியைக் கேட்டோம்.

சென்ற மார்கழியில் மீண்டும் சென்றோம். முதியவரின் வீட்டை அடையாளம் காண முடியவில்லை. ஆதிநாராயணப் பெருமாளைச் சேவித்துவிட்டு ஏரிக்கரைக்கு வந்தோம். ஆழமில்லாத நீரில் பூநாரைகள் நின்றன. எட்டாம் பாசுரத்தை மட்டும் மெல்ல விண்ணப்பித்தோம். முகத்துவாரம் திறந்திருப்பதாக வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணொருத்தி சொன்னாள்.