பிணவறையில் கேட்க வேண்டிய அனுமதி

இயல்புக்கு மாறாக ஒருவர் இறந்தால் அவருடைய உடல் முதலில் அரசின் பொறுப்புக்குப் போகிறது. சாலை விபத்து, தூக்கு, பூச்சிமருந்து, தீக்காயம், கிணற்றில் மிதந்த உடல், திருமணமான ஏழாண்டுகளுக்குள் இறந்துபோன பெண் என்று இவ்வகை இறப்புகள் எல்லாமே விசாரணைக்கு உரியவை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு வகுத்திருந்த வழியையே 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவும் வகுக்கிறது. இந்த உடற்கூறாய்வுக்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. குடும்பம் கைகூப்பி வேண்டிக்கொண்டாலும் மருத்துவர் தம் விருப்பத்துக்கு அதைக் கைவிட முடியாது. இது சரியான ஏற்பாடுதான். கொலையை மறைக்க நினைப்பவர் உறவினராகவே இருக்கக்கூடும். இறந்தவரின் பக்கம் நின்று பேச அவர் உடலைத் தவிர வேறு சாட்சியே இல்லாத வழக்குகள் உண்டு. அதனால்தான் சம்மதம் கேளாமல் கத்தி வைக்கும் அதிகாரத்தைச் சமூகம் மருத்துவருக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் அது ஒரே ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காகக் கொடுத்த அதிகாரம்: இவர் எப்படி இறந்தார்?

இந்த ஆய்வுகளில் பெரும்பங்கு நடப்பது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிணவறைகளில். அங்கே உடற்கூறாய்வு மேசையே வகுப்பறையும் ஆய்வுக்கூடமுமாக இருக்கிறது. தடயவியல் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற ஆய்வேடு எழுதியாக வேண்டும். மார்பெலும்பை அளந்து உயரத்தைக் கணிப்பது, எலும்பு இணைவைக் கொண்டு வயதைக் கணிப்பது, மாரடைப்பில் இறந்தவர்களின் இதயத் தமனிகளை ஆராய்வது, பூச்சிமருந்து உள்ளுறுப்புகளில் செய்த சேதத்தைப் பார்ப்பது என்று அந்த ஆய்வேடுகளுக்குத் தலைப்புகள் பலவும் பிணவறையிலிருந்தே பிறக்கின்றன. அவற்றால் பயன் உண்டு. அடையாளம் தெரியாத எலும்புக்கூட்டின் வயதைச் சொல்ல நம் மக்களின் அளவுகள்தாம் வேண்டும். ஐரோப்பிய அட்டவணை போதாது. இங்கேதான் அறக்கேள்வி எழுகிறது. இறப்பின் காரணம் அறியத் திறந்த உடலிலிருந்து, அந்தக் காரணத்தோடு தொடர்பே இல்லாத ஒரு திசுவையோ எலும்பையோ உறுப்பையோ ஆராய்ச்சிக்கென எடுத்து வைத்துக்கொள்ளலாமா? விசாரணைக்காக அரசு தந்த அதிகாரத்தில் ஆராய்ச்சி அடங்காது. உடற்கூறாய்வை மறுக்கும் வாய்ப்பு குடும்பத்துக்கு இல்லை என்பதாலேயே, ஆராய்ச்சிக்கு அவர்களிடம் கேட்டே ஆக வேண்டும்.

இந்த எல்லையைக் கடந்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம் காட்டியது. பிரிஸ்டல் மருத்துவமனையில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சை பற்றி இயன் கென்னடி தலைமையில் நடந்த விசாரணையில், 1999 செப்டம்பரில், இதயக் கட்டமைப்பு வல்லுநரான பேராசிரியர் ராபர்ட் ஆண்டர்சன் சாட்சி சொன்னார். குழந்தை இதயங்களின் பெரிய சேகரிப்புகள் நாட்டில் பல இடங்களில் உள்ளன, அவற்றில் ஒன்று லிவர்பூலின் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையில் இருக்கிறது என்று அவர் சொன்னது பெற்றோர்களை அதிரவைத்தது. மைக்கேல் ரெட்ஃபர்ன் தலைமையில் தனி விசாரணை நடந்து, 2001 ஜனவரி 30 அன்று அறிக்கை வெளியானது. 1988 முதல் 1995 வரை அங்கே நோயியல் பேராசிரியராக இருந்த டிக் வான் வெல்சன், தாம் உடற்கூறாய்வு செய்த குழந்தைகளின் உறுப்புகளைத் திட்டமிட்டு அகற்றிச் சேமிக்கச் செய்தார். ஏறத்தாழ 850 குழந்தைகளின் உறுப்புகள் 2,000க்கும் மேற்பட்ட கலன்களில் கிடந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆராயப்படவே இல்லை. அறிவியலின் பெயரால் எடுத்தவற்றை அறிவியலும் தொடவில்லை. உறுப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தபோது ஒரே குழந்தைக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அடக்கம் செய்த பெற்றோர்கள் இருந்தார்கள்.

அந்தக் குழந்தைகளில் பலருக்கு நடந்தது, மரண விசாரணை அதிகாரி உத்தரவிட்ட உடற்கூறாய்வு. அன்று அங்கே நடப்பிலிருந்த 1984 விதிகள், இறப்பின் காரணத்துக்குத் தொடர்புள்ள பொருளை மட்டும், அந்த அதிகாரி தேவையென்று கருதும் காலம்வரை மட்டும் வைத்திருக்க இடம் தந்தன. மான்செஸ்டரிலும் இதே மீறல் வேறு வடிவில் நடந்திருந்தது. 1987இல் இறந்த ஒருவரின் மூளை ஆராய்ச்சிக்காகப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தது. மத நம்பிக்கை காரணமாக உடற்கூறாய்வையே விரும்பாத அவருடைய மனைவிக்கு அது 2000இல்தான் தெரிந்தது. அதையொட்டி உடற்கூறியல் ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட அறிக்கை, இப்படி மரண விசாரணை உடல்களிலிருந்து எடுத்து வைக்கப்பட்ட மூளைகள் ஆயிரக்கணக்கில் இருப்பதை வெளிக்கொண்டு வந்தது. அவற்றை எடுத்து வைத்தவர்களில் பலர் தாங்கள் தவறு செய்கிறோம் என்றே நினைக்கவில்லை. மேசை தயாராக இருந்தது, உடல் திறந்திருந்தது, தடுக்க யாருமில்லை. கொடுமனத்தைவிட இந்தப் பழக்கமே ஆபத்தானது. கொடுமனத்தை ஒரு தனிமனிதரோடு வெளியேற்றிவிடலாம். பழக்கமோ அடுத்து வரும் முதுநிலை மாணவருக்குத் துறையின் வழக்கமாகக் கைமாறுகிறது.

இறந்தவருக்கு வலி இல்லை, சிறு திசுத் துண்டை எடுப்பதால் யாருக்கு என்ன கேடு என்று கேட்பவர்கள் உண்டு. வலி இல்லை என்பது உண்மை. ஆனால் நாம் இறந்தவரோடு நடந்துகொள்ளும் முறை எதுவுமே வலியை அளவுகோலாகக் கொண்டதில்லை. உயிலை மதிக்கிறோம். இறுதிச் சடங்கைக் குறைவின்றிச் செய்கிறோம். போர்க்களத்தில் பகைவனின் உடலையும் ஒப்படைக்கிறோம். உடல் முழுமையாகத் திரும்பி வந்தது என்ற நம்பிக்கையில்தான் குடும்பம் அதைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் செல்கிறது. அந்த நம்பிக்கை பொய்யாக இருந்தால், அது ஒருபோதும் தெரியவராமல் போனாலும், ஏமாற்றியது ஏமாற்றியதுதான். தெரியவந்தாலோ மருத்துவமனை மீதான நம்பிக்கையே உடைகிறது. அரசு மருத்துவமனையைவிட்டால் வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்கு அந்த நம்பிக்கை உடைவது சிறிய இழப்பல்ல.

இதைவிட வலுவான ஆட்சேபம் அறிவியலின் பக்கத்திலிருந்து வருகிறது. 1953இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஓர் ஆய்வு, கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயத் தமனிகளைப் பற்றிச் சொன்னது. அவர்களின் சராசரி வயது 22. ஆனாலும் 77.3 விழுக்காட்டினரின் தமனிகளில் நோயின் தடயம் கண்ணுக்கே தெரிந்தது. இதய நோய் முதுமையில் முளைப்பதல்ல, இளமையிலேயே வேர் பிடிக்கிறது என்ற இன்றைய அறிவுக்கு அந்த உடல்கள் பெரும் துணை செய்தன. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி அனுமதி கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா? சம்மதித்தவர்களை மட்டும் ஆராய்ந்தால் முடிவும் அவர்களைப் பற்றியதாக மட்டுமே இருக்காதா? இந்தக் கேள்விகளைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். உடற்கூறாய்வில் இதயத்தைத் திறப்பதும் தமனியைப் பார்ப்பதும் இறப்பின் காரணம் தேடும் வேலையின் பகுதியே. அப்போது கண்டதைக் குறித்துக்கொண்டு, பெயரும் அடையாளமும் நீக்கி, பல உடல்களின் குறிப்புகளைச் சேர்த்துப் படிப்பதற்கு ஒவ்வொரு குடும்பத்திடமும் தனி அனுமதி வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நெறிமுறைக் குழுவின் மேற்பார்வை போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களும் அடையாளம் நீக்கிய தகவல்களுக்கும் மாதிரிகளுக்கும் சம்மத விலக்கு அளிக்கக் குழுவுக்கு இடம் தருகின்றன. ஆனால் விசாரணைக்குத் தேவையில்லாத ஒரு வெட்டை வெட்டுவதும், ஒன்றை எடுத்து ஃபார்மலினில் வைத்துக்கொள்வதும் பார்த்துக் குறித்துக்கொள்வதோடு சேராது. அங்கே உடல் குறைகிறது. மாதிரியின் பெயரை அழித்துவிட்டேன் என்று சொல்லி அந்த வெட்டை நியாயப்படுத்த முடியாது.

கேட்டால் யாரும் தர மாட்டார்கள் என்பது நம் மக்களைக் குறைத்து மதிப்பிடுவது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1995 முதல் மனித மூளை வங்கி இயங்குகிறது. அதற்கு வந்த மூளைகளில் சாலை விபத்தில் இறந்து உடற்கூறாய்வுக்கு வந்தவர்களுடையவையும் உண்டு. உறவினர்களின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு அவை பெறப்பட்டன. தமிழ்நாட்டில் 2008இல் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் இளம் மகனின் உறுப்புகளைத் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி தானம் செய்த செய்தி மாநிலம் முழுவதும் மனங்களை மாற்றியது. 2023 செப்டம்பரில் உறுப்புக் கொடையாளர்களின் உடலுக்கு அரசு மரியாதை அறிவிக்கப்பட்டது. அந்த விபத்து வழக்குகளும் காவல் துறை வழக்குகள்தாம். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, உடற்கூறாய்வுக்கு அனுப்பப்படும் உடலிலிருந்து உறுப்பை எடுப்பதற்கு உரியவரின் அனுமதி வேண்டும், விசாரணைக்கு அந்த உறுப்பு தேவைப்படக் கூடாது, இறந்தவர் உயிரோடிருக்கையில் மறுப்புத் தெரிவித்திருக்கக் கூடாது என்கிறது. காத்திருக்கும் ஒரு நோயாளியின் உயிரைக் காப்பதற்கே இத்தனை நிபந்தனை. என்றோ ஒருநாள் பயன்படக்கூடிய ஆய்வேட்டுக்கு அதைவிடக் குறைந்த நிபந்தனை எப்படிப் பொருந்தும்? பிரிஸ்டல், லிவர்பூல் பெற்றோர்களிலும் பலர் சொன்னது, கேட்டிருந்தால் கொடுத்திருப்போம் என்பதுதான்.

இருந்தாலும் பிணவறை வாசலில் சம்மதம் கேட்பது என்றால் என்ன என்பதை நேராகப் பார்க்க வேண்டும். காலையிலிருந்து உடலுக்காகக் காத்திருக்கும் குடும்பம் அது. காவலர் காட்டும் இடத்தில் கையெழுத்து, அலுவலகம் நீட்டும் தாளில் கைநாட்டு என்று எதற்கும் மறுப்புச் சொல்லாத நிலையில் இருக்கிறது. ஊரில் உறவுகள் கூடியிருக்கின்றன, வண்டி வெளியே நிற்கிறது. அந்த நேரத்தில் இன்னொரு படிவத்தை நீட்டினால் கையெழுத்து கிடைக்கும், சம்மதம் கிடைக்காது. கையெழுத்திட்டால்தான் உடல் வரும் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். ஆகவே உடலை அறுத்தவரோ ஆய்வேடு எழுதுபவரோ கேட்கக் கூடாது. உறுப்பு தானத்துக்குப் பயிற்சி பெற்ற துயர் ஆலோசகர்கள் போன்றோர், காவலர் இல்லாத இடத்தில், மறுத்தாலும் உடல் இதே நேரத்தில் கிடைக்கும் என்று முதலில் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். விசாரணைக்காக எடுத்த திசு என்றால் இன்னும் அவசரமில்லை. 2005இல் இங்கிலாந்து திருத்திய விதிகள் அதற்கு நல்ல வழி காட்டின. எது எடுத்து வைக்கப்பட்டுள்ளது என்று குடும்பத்துக்கு அறிவிக்கப்படும். அது தேவையற்றுப் போனபின் திரும்பப் பெறுவதா, முறையாக அப்புறப்படுத்துவதா, ஆராய்ச்சிக்குத் தருவதா என்று முடிவு செய்வது குடும்பம். இங்கே தடய அறிவியல் ஆய்வகத்தின் உள்ளுறுப்பு அறிக்கை வரவே காலம் ஆகிறது. கேட்பதற்கு நேரம் இல்லை என்ற சாக்கு எடுபடாது.

யாரிடம் கேட்பது என்பது சில வழக்குகளில் கடினம். கணவன் வீட்டில் தீக்காயத்தோடு இறந்த பெண்ணின் திசுவுக்கு, சட்டப்படி நெருங்கிய உறவு என்பதற்காக அந்தக் கணவனிடம் அனுமதி கேட்பது அவளை இரண்டாம் முறை அவன் கையில் கொடுப்பதாகும். கோட்டாட்சியர் விசாரணை முடியாத வழக்குகளில் ஆராய்ச்சியே கூடாது என்று வைத்தால் இழப்பு பெரிதாக இராது. உரிமை கோர யாரும் வராத உடல் இன்னும் சிக்கலானது. மறுக்க ஆளில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொண்டால், வீடற்றவர்களும் புலம்பெயர்ந்த கூலித் தொழிலாளர்களும் மட்டுமே ஆராய்ச்சியின் சுமையைச் சுமப்பார்கள். ஒரு குடும்பத்திடம் கேட்கத் துணியாத எதையும் அந்த உடலில் செய்யக் கூடாது.

இனி, மருத்துவக் கல்லூரி அருங்காட்சியக அலமாரிகளில் பல பத்தாண்டுகளாக நிற்கும் ஜாடிகள் இருக்கின்றன. அவற்றில் எந்த உறுப்பு யாருடையது என்று தேடிப்பிடித்து இன்று கேட்க முடியாது. 2004ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டத்தை 2006 செப்டம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்திய இங்கிலாந்தும் அந்த நாளுக்கு முன்பிருந்த சேகரிப்புகளுக்குச் சம்மத விதியிலிருந்து விலக்கு அளித்தது. அவற்றை அழித்தால் யாருக்கும் நியாயம் கிடைத்துவிடாது; மாணவர் கற்பதற்கு அவை பயன்படட்டும். ஆனால் அவற்றின் மீது புதிய ஆராய்ச்சி தொடங்குமுன் நெறிமுறைக் குழு ஒவ்வொன்றின் மூலத்தையும் பதிவேட்டில் தேட வேண்டும். பதிவேடு குடும்பத்தைக் காட்டினால், எத்தனை ஆண்டு கழிந்திருந்தாலும் அவர்களுக்கு எழுதிக் கேட்க வேண்டும்.