வெட்டியும் விருப்பமும்

எங்க சேரி அம்பேத்கர் மன்றத்தை ஏப்ரல் 14க்கு முதல் நாளே பெருக்கிக் கழுவி வைப்பது பெரியம்மாதான். வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. பாய் விரிப்பது, வந்தவர்களுக்குச் சோறு பொங்குவது எல்லாம் அதோட சேக்காளிக் கிழவிகள். 'சமூகப் பற்று' என்று நாங்கள் மேடையில் பேசிவிட்டு இறங்கிவிடுவோம்.

இதே கைகள்தான் ஆண்டை வீட்டு மாட்டுக் கொட்டகையையும் கூட்டின. பெரியப்பா சாவு சொல்லப் போனார், பறையடித்தார். கூலி கேட்டால் 'வழக்கம்' என்றார்கள். மகர்களுக்குத் துண்டு நிலத்தைக் காட்டி, கூப்பிட்ட நேரமெல்லாம் குடும்பத்தையே வேலை வாங்கியது வதன் முறை. அதை மாற்றத்தான் 1928இல் அம்பேத்கர் பம்பாய் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார்.

அந்த வேலைக்கும் மன்றத்து வேலைக்கும் என்ன வித்தியாசம்? பெரியம்மாவிடமே கேட்டேன்.

"அங்க மாட்டேன்னா அடி விழும். இங்க முடியலன்னா படுத்துக்குவேன், யாரு கேக்கறது?"

மறுக்க முடிந்தால்தான் அது பற்று. இல்லையென்றால் வெட்டி. ஆனால் போன வருசம் முட்டிவலியில் பெரியம்மா வராதபோது, "கெழவி எங்க, யாரு கூட்டுறது?" என்று கத்தியவன் நான்தான். மைக் நம் கையில், வரவுசெலவு நோட்டு நம் கையில், விளக்குமாறு மட்டும் அவர்கள் கையில். இதுக்குப் பேரு பற்று என்றால், ஆண்டை சொன்ன வழக்கத்தை எதிர்த்துப் பேச நமக்கு வாய் ஏது?

இந்த வருசம் நாங்கள் பெருக்கினோம். பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, மூணு வருசத்து வசூலுக்குக் கணக்கு கேட்டது. பதில் சொல்ல முடியாமல் முழித்தோம்.