சாப்பாட்டுக்கு எதுக்கு கோட்டு?

காலையில் என்னோடு வாக்கிங் வரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பாங்க்கில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் இருக்கும் மகன், போன வருஷம் அப்பா அம்மாவுக்காக ஒரு கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருந்தான். மயாமியில் ஏறி, கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டு, ஏழு ராத்திரி கழித்து மயாமியிலேயே இறங்க வேண்டும். டிக்கெட்டோடு வந்த குறிப்புகளைப் படித்துவிட்டு மறுநாள் பூங்காவில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த அநியாயத்தைக் கேளுங்க சார். ஏழு நாள்ல ரெண்டு ராத்திரி 'ஃபார்மல் நைட்'டாம். டைனிங் ஹாலுக்கு ஆம்பளைங்க கோட்டு, டை போட்டுக்கிட்டு வரணுமாம். காசு குடுக்கறது என் பையன். சாப்பிடப் போறது நான். என் தட்டுக்கும் வாய்க்கும் நடுவுல இந்த டை எங்கேருந்து சார் வந்துச்சு?"

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதும் கேள்வி கூடவே வந்தது. விளையாட்டாகக் கேட்டாரே தவிர, விஷயம் விளையாட்டில்லை. முன்பின் தெரியாத ஒருவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று எனக்கு ஏதாவது கடமை இருக்கிறதா? இருந்தால், எதுவரை?

முதலில் கப்பலுக்கு நியாயம் செய்துவிடுவோம். இன்றைக்கு யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கோட்டு வேண்டாம் என்றால் மேல் தளத்தில் பஃபே இருக்கிறது. டீ-ஷர்ட்டோடு போய், தட்டை எடுத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி சாப்பிடலாம். நார்வீஜியன் குரூஸ் லைன் என்ற கம்பெனி 2000-ல் 'ஃப்ரீஸ்டைல்' என்று பெயர் வைத்து, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், கோட்டும் வேண்டாம் டையும் வேண்டாம் என்று அறிவித்தது. கூட்டம் வந்தது. இன்னொரு பக்கம் 2004 முதல் ஓடும் 'குவீன் மேரி 2' மாதிரி கப்பல்களும் இருக்கின்றன. அங்கே மாலை ஆறு மணிக்கு மேல் கண்டபடி உடுத்திக்கொண்டு எல்லா இடத்துக்கும் போக முடியாது. 'காலா' ராத்திரிகளில் அத்தனை பேரும் அலங்காரமாக வருவார்கள். அதற்கென்றே அந்தக் கப்பலைத் தேடி வருகிறவர்களும் உண்டு.

ஆக, இது சட்டப் பிரச்னை இல்லை. மனசுப் பிரச்னை.

நண்பர் பக்கம் இருக்கும் நியாயத்தை எடுத்துக்கொள்வோம். அது சின்ன நியாயம் இல்லை. 1888 செப்டம்பரில் பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பல் ஏறினான். சட்டம் படிக்கப் போகிறான். கப்பலில் முள் கரண்டி, கத்தி பிடிக்கத் தெரியவில்லை. எந்தப் பண்டத்தில் மாமிசம் இருக்கிறது, எதில் இல்லை என்று கேட்கவும் கூச்சம். என்ன செய்தான்? மேஜைக்கே போகவில்லை. ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் தன் கேபினிலேயே உட்கார்ந்து தின்றான். நண்பர்கள் வாங்கித் தந்த வெள்ளை ஃபிளானல் சூட்டைக் கரை இறங்கும் நாளுக்கென்று பத்திரமாக வைத்திருந்தான். இங்கிலாந்தில் இறங்கினால், செப்டம்பர் கடைசியில் வெள்ளை உடுப்பில் நின்றது அவன் ஒருவன்தான். அவமானம் பிடுங்கித் தின்றது.

அந்தப் பையன் பெயர் மோகன்தாஸ் காந்தி. பின்னாளில் சுயசரிதையில் அவரே இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

காந்தியை யாரும் மேஜையிலிருந்து விரட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். வாசலில் காவல்காரன் இல்லை. ஆனாலும் அவரால் உள்ளே போக முடியவில்லை. நாகரிகம் என்று நாம் சொல்வது பல சமயம் இப்படித்தான் வேலை செய்கிறது. தெரிந்தவனுக்கு அது உபசாரம். தெரியாதவனுக்குப் பூட்டு. கோட்டு இல்லாதவன், முள் கரண்டி பிடிக்கத் தெரியாதவன், 'நமக்கு எதுக்கு' என்று தானாகவே ஒதுங்கிவிடுவான். அந்த நாள் கப்பல்களில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று சாப்பாட்டு அறைகளே தனித்தனி.

இதில் ஒரு வேடிக்கை. ராத்திரி விருந்துக்கு இதுதான் உயர்ந்த உடை என்று இன்றைக்குக் கப்பலில் மதிக்கப்படும் 'டின்னர் ஜாக்கெட்' இருக்கிறதே, அது பிறந்தபோது சோம்பேறிகளின் உடை! அப்போதெல்லாம் கனவான்கள் பின்னால் வால் தொங்கும் நீளக் கோட்டுதான் போட்டு விருந்துக்கு வருவார்கள். வேல்ஸ் இளவரசராக இருந்த ஏழாம் எட்வர்டுக்கு அது அலுத்துப்போனது. 1865-ல் லண்டன் சாவில் ரோ தையல் கடையான ஹென்றி பூலில், சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் சாதாரணமாகச் சாப்பிட உட்காரும்போது போட்டுக்கொள்ள, வாலில்லாத குட்டைக் கோட்டு ஒன்று தைத்துக்கொண்டார் என்பது அந்தக் கடைக்காரர்கள் சொல்லும் வரலாறு. 1880-களில் அது அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க் பக்கத்தில் டக்ஸிடோ பார்க் என்ற பணக்காரர்கள் பேட்டையின் பெயரைப் பெற்றது. தாத்தா காலத்து 'லூஸா விடுப்பா', பேரன் காலத்தில் 'மரியாதையா வாப்பா' ஆகிவிட்டது. உடுப்பு விதிகளில் வேதவாக்கு எதுவும் கிடையாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

இவ்வளவு தூரம் வந்தபின் நண்பர் ஜெயித்துவிட்ட மாதிரி தெரிகிறது. அவரும் அப்படித்தான் நினைத்தார். "காந்தியே கடைசியில என்ன சார் பண்ணினார்? 1931-ல பக்கிங்ஹாம் அரண்மனைக்கே முழங்கால் வேட்டியோட போனாரே! நான் ஷார்ட்ஸ்ல போனா என்ன?"

இங்கேதான் எனக்கும் அவருக்கும் பூங்காவில் கொஞ்சம் குரல் உயர்ந்தது.

காந்தி சௌகரியத்துக்காகவா அப்படிப் போனார்? நவம்பர் மாச லண்டன் குளிரில் அரை வேட்டியும் ஒரு சால்வையும் சௌகரியமா? 1921 செப்டம்பரில் நம் மதுரையில் இருந்தபோது, இந்த நாட்டு ஏழை எதை உடுத்துகிறானோ அதுவே எனக்குப் போதும் என்று முடிவெடுத்து மேல் உடுப்பை விட்டார். அதற்குப் பின்னால் கோடிக்கணக்கான பேர் இருந்தார்கள். அரண்மனைக்காக அவர்களை வாசலில் விட்டுவிட்டுப் போக அவருக்குச் சம்மதமில்லை. நம் நண்பரின் ஷார்ட்ஸுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? அவர் மட்டும்தான். ஒரு விதியை இன்னொருவருக்காக மீறுவது வேறு, கழுத்து இறுக்குகிறது என்று மீறுவது வேறு. இரண்டாவதைத் தப்பென்று சொல்லவில்லை. முதலாவதின் பெயரை அதற்கு வைக்க வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. நூறு பேர் அலங்காரமாக வந்து உட்கார்ந்திருக்கும் கூடம் அழகாக இருக்கிறது என்றால், அந்த அழகு மேலே தொங்கும் சர விளக்கிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் கண்ணாடி முன் நின்று செய்து கொண்டுவந்த பங்கு அது. அந்தக் கூடத்துக்கு ஒருவர் கசங்கின டீ-ஷர்ட்டில் வந்து உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? மற்றவர்கள் கொண்டுவந்த அழகை அவர் பார்த்து ரசிப்பார். அவர்களுக்குத் தன் பங்காக ஒன்றும் தரமாட்டார். கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் சாப்பிடுகிற மாதிரி. மேல் தள பஃபேயில் அதே டீ-ஷர்ட்டில் யார் மனசும் நோகாது. ஏனென்றால் அங்கே யாரும் எதுவும் கொண்டுவரவில்லை.

அப்படியென்றால் வாசலில் நின்று 'நீ உள்ளே, நீ வெளியே' என்று பிரிப்பது சரியா?

2014 ஜூலையில் சென்னையில் நடந்தது ஞாபகம் இருக்கலாம். கிரிக்கெட் சங்கத்து கிளப் ஒன்றில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவுக்கு உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு போனார். உள்ளே விடவில்லை. வெள்ளைக்காரன் ஏற்படுத்திவிட்டுப் போன கிளப் பழக்கம் அவன் போய் அறுபத்தேழு வருஷம் ஆனபிறகும் வாசலில் நின்றது. பெரிய சத்தம் எழுந்தது. அடுத்த மாசமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் கிளப்பின் லைசென்ஸையே ரத்து செய்யலாம்.

அந்த நீதிபதி மரியாதைக் குறைவாகவா வந்தார்? நம் ஊரில் மாப்பிள்ளை கட்டுவது வேட்டி. வெளுத்து, மடித்து, கரை தெரியக் கட்டின வேட்டி. அவர் தன் மரியாதையைக் கொண்டுவந்தார். கிளப் கேட்டது அதை இல்லை. 'எங்கள் மாதிரி வா' என்று கேட்டது.

'மரியாதையாக வா' என்பதும் 'என்னை மாதிரி வா' என்பதும் கேட்க ஒன்று போலத்தான் இருக்கும். முதலாவது விருந்தோம்பல். இரண்டாவது ஆணவம். குவீன் மேரி 2-வின் விதியிலேயே, அவரவர் நாட்டின் விருந்து உடையில் வரலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர் கில்ட்டில் வரலாம். நம்மவர் ஜிப்பா வேட்டியில் வரலாம். பழைய காலக் கப்பல்களில்கூட, முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும் அலங்காரம் வேண்டாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. முதல் நாள் பெட்டி திறந்திருக்காது, கடைசி நாள் பெட்டி கட்டியாகிவிடும் என்பதால். விதி நல்ல விதியா என்று பார்க்க இது ஒரு வழி. இல்லாதவனுக்கு, முடியாதவனுக்கு அதில் இடம் விட்டிருக்கிறதா?

உடுப்பு என்றதும் டைட்டானிக் ஞாபகம் வராமல் போகாது. 1912 ஏப்ரல் 14 ராத்திரி, கப்பல் மூழ்கப்போகிறது என்று தெரிந்ததும் பெஞ்சமின் குகன்ஹைம் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர், போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு விருந்து உடைக்கு மாறினார். கனவானாகவே சாவேன் என்றாராம். உயிர் பிழைத்த கப்பல் சிப்பந்தி ஒருவர் சொன்னது. சாகும்போது யாருக்காக அந்த உடுப்பு? தனக்காக. அதில் ஒரு கம்பீரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கூடவே அவருடைய வேலையாள் விக்டர் ஜிக்லியோவும் விருந்து உடையில் நின்றார், அவரும் செத்துப்போனார். அவர் பெயரை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறோம்? அன்றைக்கு முதல் வகுப்பில் பத்தில் ஆறு பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் நாலில் ஒருவர்.

நண்பர் கதைக்கு வருகிறேன். பயணம் முடிந்து திரும்பி வந்த முதல் நாளே பூங்காவில் நானே கேட்டேன். "என்ன சார், கீழயா, மேலயா?"

கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு சொன்னார்.

இரண்டாவது நாள் ராத்திரி ஃபார்மல் நைட். அவர் டீ-ஷர்ட்டோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் மேல பாத்துக்கறேன்" என்றிருக்கிறார். மனைவி காஞ்சிபுரம் பட்டு கட்டி, பூவுக்கு வழியில்லாமல் வெறும் கொண்டையோடு நின்றிருக்கிறார். புடவையில் இன்னும் பாச்சை உருண்டை வாசனை. பெட்டியின் அடியிலிருந்து ஒரு கோட்டை எடுத்துக் கட்டிலில் வைத்தார். மகன் ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டு. இவருக்குத் தெரியாமல் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்.

"ஏங்க, முப்பத்து நாலு வருஷம் மேனேஜருக்காக இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கிட்டுப் போனீங்க. வீட்டுக்கு வந்ததும் பனியன். அந்த பனியனோடதான் நான் இத்தனை வருஷமா சாப்பிட்டிருக்கேன். ஒரு நாள் எனக்காகப் போடக்கூடாதா?"

"பட்டன் போடவே வரல சார். திறந்தபடியே போட்டுக்கிட்டுப் போனேன்" என்றார்.

மேஜையில் பரிமாறின பையன் இந்தோனேஷியாக்காரன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, முகத்தில் சிரிப்பு. ஏழு மாச ஒப்பந்தம், வாரத்தில் லீவு நாள் கிடையாது, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் வேலை. பிறந்த குழந்தையை போனில்தான் பார்த்திருக்கிறான். "எனக்கு ரெண்டு மணி நேரத்துல கழுத்து வலி வந்துடுச்சு. அவன் தினம் ராத்திரி அதை எனக்காகக் கட்டிக்கிட்டு வரான். நான் அவன் முன்னாடி ஷார்ட்ஸ்ல போய் உக்காந்து என் உரிமையைப் பத்திப் பேசியிருப்பேன்" என்றார் நண்பர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சுற்று முடிந்ததும் அவரே மறுபடி ஆரம்பித்தார். இப்போது வீட்டில் ராத்திரி சாப்பிட உட்காரும்போது ஒரு சட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறாராம். பெரிய சட்டை இல்லை. சுத்தமான, அரைக்கைச் சட்டை.

"வீட்ல கவனிச்சாங்களா?"

"மொத நாள், எங்க கிளம்பிட்டீங்கன்னு கேட்டா. எங்கயும் இல்ல, சாப்பிடத்தான்னேன்."

இன்று ராத்திரி நீங்கள் யாரோடு சாப்பிடப் போகிறீர்கள்? அவர்களுக்காகக் கடைசியாக எப்போது ஒரு நல்ல சட்டை போட்டுக்கொண்டீர்கள்? யோசித்துப் பாருங்கள்.