கயிறு பிடித்தவர்



நம் தாத்தாமார் முத்துக் குளித்தவர்கள். நம்மில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். நம் கொற்கையோ அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கடலை விட்டு விலகிவிட்டது. பாண்டியரின் கப்பல்கள் வந்து நின்ற துறையில் இன்று வாழையும் நெல்லும் நிற்கின்றன. கடலைப் பார்க்க நாம் புன்னைக்காயலுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆனாலும் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதை மட்டும் நம்மை விட்டு விலகவில்லை.

குளியாள் கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி, எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார். தரையைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். கீழே அவர் கைக்கு அகப்பட்ட சிப்பியை வலைப்பையில் அள்ளுவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். அவர் பேச மாட்டார். பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுத்தாலும் திரும்ப மாட்டார். கண் தண்ணீரில், கவனம் உள்ளங்கையில். கீழிருந்து ஒரு சின்ன வெட்டு வந்தால் போதும், மறு நொடி இழுக்க வேண்டும். பிந்தினால் வருவது உயிரில்லாத உடம்பு.

அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பார்கள் தெரியுமா? மச்சான் கையில். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில். "என் தங்கச்சி தாலி இந்தக் கயிற்றில் இருக்கிறது" என்று நினைக்கிறவன்தான் அசராமல் நிற்பான் என்பது நம் கடற்கரையின் கணக்கு. கூலிக்குக் கயிறு இழுக்க ஆள் கிடைக்கும். ஆனாலும் உறவுக்காரனைத்தான் தேடினார்கள்.

அன்புக்குரியவர்களே, இது நவம்பர் மாதம். கல்லறைத் திருநாளன்று புல்லைச் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். தாய் தகப்பனை நினைத்தோம். இன்று உங்களை இன்னொருவரையும் நினைக்கச் சொல்கிறேன். உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். பள்ளிக்கூடத்துப் பி.டி. மாஸ்டராக இருக்கலாம். சாயங்காலம் தேரிக்காட்டு ஓரத்தில் வலை கட்டி, வாலிபால் பழக்கிய அண்ணனாக இருக்கலாம். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கபடிக் கோட்டைக் காலாலேயே கிழித்த மாமாவாக இருக்கலாம். நம் பக்கத்து மணத்தியிலிருந்து போன கணேசன் 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடினார். அர்ஜுனா விருதும் பெற்றார். அவர் பெயர் நமக்குத் தெரியும். அவரைப் போன்ற பிள்ளைகளுக்கு முதல் நாள் மண்ணில் விழக் கற்றுக்கொடுத்த கைகளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

மத்தேயு நற்செய்தியில் முத்து வணிகரைப் பற்றி ஆண்டவர் சொல்லும் சிறிய உவமை உங்களுக்குத் தெரியும். விலையுயர்ந்த ஒரு முத்தைக் கண்டதும் அவர் தமக்குள்ளதையெல்லாம் விற்று அதை வாங்கிக்கொள்கிறார். நம் ஊரில் நின்று அந்த உவமையைக் கேட்கும்போது எனக்கு இன்னொரு கேள்வியும் வருகிறது. அந்த முத்தை எடுக்க யார் கடலில் இறங்கினார்? அவருக்கு மேலே கயிறு பிடித்தவர் யார்? முத்து வணிகர் கைக்குப் போய்விட்டது. கயிறு பிடித்தவர் கையில் மிச்சம் தழும்பு மட்டும்தான்.

சென்னையில் வாழ்ந்த வி. சந்திரசேகர் என்ற மனிதரை இன்று உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். டேபிள் டென்னிஸ் ஆட்டக்காரர். மூன்று முறை தேசியச் சாம்பியன். 1982-இல் அர்ஜுனா விருது பெற்றவர். 1984-இல், இளமையின் உச்சத்தில், முழங்காலில் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் போனார். சில நாளில் நடந்து வீடு திரும்பியிருக்க வேண்டியவர், மூளை பாதிக்கப்பட்டு நினைவிழந்து கிடந்தார். நினைவு திரும்பியபோது பார்வை சரியில்லை, பேச்சு வரவில்லை, நடக்க முடியவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் பந்தைத் திருப்பியடித்தவர் மறுபடியும் குழந்தையைப் போல அடியெடுத்து வைக்கப் பழக வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் வழக்காடினார். நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது. நீதி கேட்பது விசுவாசத்துக்கு எதிரானது என்று யாரும் நினைக்க வேண்டாம். நீதிக்காகப் பசித்திருப்பவர்கள் பேறுபெற்றவர்கள் என்பது ஆண்டவர் மலைமேல் சொன்ன பாடம்.

எழுந்து நின்ற அந்த மனிதர் அடுத்து என்ன செய்தார்? மறுபடியும் அதே மேசைக்குத்தான் வந்தார். இந்த முறை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க. அந்தப் பயிற்சி எப்படி நடக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு கூடை நிறையப் பந்து. ஒரு பந்தின் எடை மூன்று கிராம்கூட இல்லை. பயிற்சியாளர் ஒவ்வொன்றாக எடுத்து, பையனுக்கு எந்த இடம் வரவில்லையோ அந்த இடத்துக்கே அனுப்பிக்கொண்டிருப்பார். பையன் தவறவிடுவான். இன்னொரு பந்து. மறுபடியும் தவறவிடுவான். இன்னொரு பந்து. கூடை காலியானதும் இருவரும் குனிந்து தரையெல்லாம் கிடக்கும் பந்தைப் பொறுக்கிக் கூடையை நிரப்பி, முதலிலிருந்து தொடங்குவார்கள்.

சகோதர சகோதரிகளே, இரக்கம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குக் கிடைக்கவில்லை. நம் தவறுகளைத் தரையிலிருந்து நம்மோடு சேர்ந்து குனிந்து பொறுக்கி, மறுபடியும் தொடங்குவோம் என்கிறவர்தான் நம் ஆண்டவர். மூன்று முறை மறுதலித்த பேதுருவுக்குத் திபேரியக் கடற்கரையில் அவர் அப்படித்தான் செய்தார். கரியில் மீன் சுட்டு வைத்துக் காத்திருந்தார். சாப்பிட வைத்தார். பிறகு, மூன்று முறை தவறியவரிடம் மூன்று முறை அன்பைக் கேட்டார். வராத இடத்துக்கே பந்தை அனுப்பினார்.

சந்திரசேகர் 2021 மே 12 அன்று, கொரோனாத் தொற்றின் பாதிப்பால் இறந்தார். வயது 63. மனைவியையும் ஒரு மகனையும் விட்டுச் சென்றார். அந்த மே மாதம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்மில் எத்தனையோ பேர் சொந்தத் தகப்பனின் முகத்தைக்கூட சரியாகப் பார்க்காமல் அடக்கம் செய்தோம். சந்திரசேகரிடம் பயின்றவர்களில் ஒருவர் ஜி. சத்தியன். ஆசான் போய் இரண்டரை மாதத்தில் அவர் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினார். ஆடிய முதல் ஆட்டத்திலேயே தோற்றார். அடுத்த ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் அணிப் பிரிவில் தங்கமும், ஒற்றையர் பிரிவில் வெண்கலமும் வென்றார். அதைப் பார்க்க அவருடைய பழைய ஆசான் இல்லை.

"சாமி, அவர் நம்ம ஆளா?" என்று யாராவது கேட்பீர்கள். நல்ல சமாரியர் உவமையைச் சொன்ன ஆண்டவரிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. கடலில் இறங்கிய குளியாள் எல்லா முறையும் முத்தோடு வந்ததில்லை. நூறு சிப்பியை உடைத்தும் ஒன்றும் இல்லாத நாள் உண்டு. வெறும் பையோடு வருகிறவனை மச்சான் பாதியில் விட்டானா? முத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில்தானே இழுத்தான்? நம் பிள்ளை மதிப்பெண் குறைந்து வரும்போது, போட்டியில் தோற்று வரும்போது, எடுத்த வேலையை விட்டுவிட்டு வரும்போது, வாசலில் நாம் எந்த முகத்தோடு நிற்கிறோம்? பையைப் பார்க்கிறோமா, பிள்ளையைப் பார்க்கிறோமா?

இன்னொன்றும் கேட்கிறேன். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தைக் கொடுத்த மனிதர்களுக்கும் வீடு உண்டு. அவர்கள் மைதானத்தில் நின்ற நேரத்தில் அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். உலையில் வடித்த சோறு ஆறிப்போய் இருந்தது. சொந்தப் பணத்தில் பந்து வாங்கிய மாதத்தில் மளிகைக் கடைக்காரருக்குப் பதில் சொன்னது அந்த வீட்டு அம்மாதான். நம் பிள்ளைக்குப் பதக்கம் கிடைத்தபோது அந்த வீட்டுக்கு யாராவது ஒரு வாழைப்பழச் சீப்பாவது கொண்டு போனோமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்வோம். எனக்கும் இதில் குற்றம் உண்டு. பங்கு விழாவில் வென்றவர்களுக்குச் சால்வை போட்டிருக்கிறேன். வரிசையின் கடைசியில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட மறந்திருக்கிறேன்.

நல்ல குடும்பத் தலைவர், நல்ல பயிற்சியாளர் என்று இரண்டு தனித்தனிப் புகழாகச் சொல்கிறோம். நம் தோணியில் அது ஒன்றுதான். உறவுக்காரன் கையில்தான் கயிறு என்று நம் முன்னோர் வைத்தார்கள். அப்படியானால் ஊரான் பிள்ளைக்குக் கயிறு பிடித்தவர் அந்தப் பிள்ளைக்கு உறவுக்காரராகவே ஆகிவிட்டார். தம் வீட்டில் பழகிய அன்பைத்தான் அவர் மைதானத்துக்கும் கொண்டுவந்தார்.

இதைச் சொல்லும்போது உங்களில் சிலர் கண் கலங்குவதைப் பார்க்கிறேன். அன்புக்குரியவர்களே, மனம் தளர வேண்டாம். இறந்தவர்களை நினைக்கும்போது, அவர்கள் கயிறு அறுந்துபோனதாக நமக்குத் தோன்றுகிறது. கூப்பிட்டால் பதில் இல்லை, தண்ணீர் மூடிக்கொண்டது. ஆனால் நாம் விசுவசிப்பது என்ன? நம் ஆண்டவரே அந்த ஆழத்துக்கு இறங்கினார். வெளிச்சம் போகாத இடத்துக்கு, சாவின் அடித்தரை வரைக்கும் போனார். மூன்றாம் நாள் தந்தை அவரை எழுப்பினார். அவர் தனியாக வரவில்லை; நம்மையும் அள்ளிக்கொண்டுதான் வந்தார். தோணியில் நிற்கும் தந்தையின் கை தூங்குவதில்லை, சோர்வதில்லை. நம்மை அவர் கூலிக்குப் பிடித்திருக்கவில்லை. தம் பிள்ளைகள் என்று பிடித்திருக்கிறார். நம் பையில் முத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இழுக்கிறவரும் அல்லர்.

ஆகவே இன்று திருப்பலி முடிந்து நேரே வீட்டுக்குப் போக வேண்டாம். உங்களுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் உயிரோடு இருந்தால் ஒரு போன் போடுங்கள். "மாஸ்டர், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் போதும். அவர் கல்லறையில் இருந்தால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். அப்படியே அவர் வீட்டு வாசலுக்கும் போய், அந்த அம்மாவிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். இளைஞர்களே, இந்த வாரம் முடிவதற்குள் மைதானத்து முள்ளை வெட்டி, வலையைக் கட்டி, சின்னப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். கயிறு இனி உங்கள் கையில்.

நமக்காகக் கயிறு பிடித்து நின்று, இன்று ஆண்டவரில் இளைப்பாறும் அனைவருக்காகவும் மன்றாடுவோம். ஆமென்.