பெற்றவர் உரிமையும் காத்தவர் உரிமையும்

ஒரு மொழி யாருக்குச் சொந்தம்? அதைப் பெற்றெடுத்த இனத்திற்கா, அன்றி அதைப் பேணிக் காத்த இனத்திற்கா? பெற்ற தாயா, வளர்த்த தாயா என்னும் பழைய வழக்கைப் போன்றதே இதுவும். பொதுப்படக் கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இவ்வினா, ஒரு மக்களின் வாழ்வோடு பிணைந்து வரும்போது நம்மை நெடுநேரம் சிந்திக்க வைக்கிறது. சீன நாட்டில் வாழும் சிபே இனத்தாரின் வரலாறு அத்தகையது.

சிபே மக்களின் பழைய தாயகம் சீனத்தின் வடகிழக்குப் பகுதி. அங்கே நென், சொங்குவா ஆகிய ஆறுகள் பாயும் நிலத்தில், கோர்சின் மங்கோலியரின் ஆட்சிக்கு உட்பட்டு அவர்கள் வாழ்ந்தனர். 1692ஆம் ஆண்டில் அம்மங்கோலியத் தலைவர்கள் அவர்களைச் சிங் பேரரசர் காங்சியிடம் ஒப்படைத்தனர். 'ஒப்படைத்தனர்' என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கால்நடைகள் கைமாறுவதுபோல் ஒரு மக்கள் கூட்டம் கைமாறியது. பேரரசின் 'எட்டுக் கொடிகள்' என்னும் படையமைப்பில் அவர்கள் சேர்க்கப்பட்டனர். பேரரசை ஆண்டவர்கள் மஞ்சு இனத்தார். அவர்களுடைய எழுத்தே சிபே மக்களின் எழுத்துமாயிற்று. இன்றும் சிபே மொழியை மஞ்சு மொழியின் ஒரு கிளையாகவே அறிஞர் பலர் கொள்வர்.

1764ஆம் ஆண்டில் மற்றோர் ஆணை பிறந்தது. மேற்கே புதிதாக வென்ற ஈலி ஆற்றுச் சமவெளியைக் காக்கப் படைவீரர் தேவைப்பட்டனர். பேரரசர் சியன்லுங்கின் கட்டளைப்படி, ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட சிபே வீரர்கள் மனைவி மக்களோடு ஷென்யாங் நகரிலிருந்து புறப்பட்டனர். பதிவேட்டில் இருந்தவர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். பதிவில் இல்லாத சுமார் 400 பேர், உறவைப் பிரிய மனமின்றிப் பின்தொடர்ந்தனர். மங்கோலியப் புல்வெளிகளில் கடுங்குளிரைக் கழித்தார்கள். கால்நடைகளை நோய்க்குப் பறிகொடுத்தார்கள். வழியிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. ஓராண்டுக்கும் மேலான பயணத்தின் பின், 1765இல் அவர்கள் ஈலியை அடைந்தனர். அறுபது ஆண்டுகளில் ஊர் திரும்பலாம் எனப் பேரரசர் வாக்களித்தார் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். திரும்பும் ஆணை வரவே இல்லை. 1802இல் தொடங்கி 1808 வரை, துபெட் என்பவரின் தலைமையில், ஈலி ஆற்றிலிருந்து நெடிய கால்வாய் ஒன்றை வெட்டி, பாழ்நிலத்தை விளைநிலமாக்கினார்கள். 'சாப்சால்' என்று பெயர்பெற்ற அந்நிலம் 1954இல் சிபே தன்னாட்சி மாவட்டமாயிற்று. நாலாம் சந்திர மாதத்தின் பதினெட்டாம் நாளை, தம் முன்னோர் புறப்பட்ட நாளாக அவர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

இங்கேதான் ஒரு வியப்பு. சிபே மக்களின் தொகை இன்று சுமார் 1,90,000. அவர்களுட் பெரும்பாலோர் ஷென்யாங் உள்ளிட்ட வடகிழக்குப் பகுதியிலேயே வாழ்கின்றனர். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானோரே மேற்கே சிஞ்சியாங்கில் உள்ளனர். தாயக மண்ணில் தங்கியவர்கள் காலப்போக்கில் சீன மொழியினர் ஆயினர். ஆயிரக்கணக்கான கல் தொலைவுக்கு அனுப்பப்பட்டோரின் பிள்ளைகளே மொழியைக் காத்தனர். மஞ்சு இனத்தாரின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேராக உள்ள அவர்களில், தாய்மொழியைப் பிறப்பு முதல் பேசிவந்தோர் வட சீனச் சிற்றூர்களில் விரல்விட்டு எண்ணத்தக்க முதியோரே.

இதற்குக் காரணம் யாது? ஆணை என்று சொல்வதற்கில்லை. மஞ்சு மொழியையும் வில்வித்தையையும் கைவிடலாகாது என்று சியன்லுங் பலமுறை ஆணையிட்டார். பேரரசரின் கண்ணெதிரே தலைநகரில் வாழ்ந்த மஞ்சுக்களிடமே அவ்வாணைகள் பலிக்கவில்லை. 1912இல் பேரரசு வீழ்ந்தது. ஆணையிட எவரும் இல்லை. அதன் பின்னரும் சாப்சாலில் அம்மொழி வாழ்ந்தது. மாலை வேளைகளில் ஒருவர் 'மூன்று அரசுகள்' போன்ற சீனப் புதினங்களின் மொழிபெயர்ப்பை இசைகூட்டி வாசிப்பார். ஊரார் கூடியிருந்து கேட்பர். 1946இல் தம் மொழியில் செய்தித்தாள் ஒன்றையும் தொடங்கினார்கள். மறுநாள் தம் எழுத்தைச் சற்றே திருத்தியும் அமைத்துக்கொண்டார்கள் என்று சொல்லுமளவுக்கு விரைவில், 1947இல், அச்சீர்திருத்தமும் நிகழ்ந்தது. ஊர் தனித்திருந்தது ஒரு காரணம். அம்மொழிக்கு அங்கே நாள்தோறும் வேலை இருந்தது மற்றொரு காரணம். பயன்படுத்துவோர் கையில்தான் மொழி உயிர் வாழ்கிறது.

மேலிருந்து கீழாக எழுதப்படும் அவ்வெழுத்தின் வழிமரபும் இதையே கூறுகிறது. 1599இல் மங்கோலிய எழுத்தைத் தழுவி மஞ்சு எழுத்து அமைந்தது. மங்கோலியர் அதை உய்குர் மக்களிடமிருந்தும், உய்குர் மக்கள் சொக்தியரிடமிருந்தும் பெற்றனர். சொக்திய எழுத்தின் மூலம், நம் ஆண்டவர் பேசிய அரமேய மொழியின் எழுத்து. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பெய்ஜிங்கில் பணியாற்றிய இயேசு சபைக் குரு லூயி த புவாரோ, விவிலியத்தின் பெரும்பகுதியை மஞ்சு மொழியில் பெயர்த்தார். யாருக்காக மஞ்சுவில் எழுதப்பட்டதோ அவர்களின் வழித்தோன்றல்களில் அதை வாசிக்க வல்லோர் இன்று மிகச் சிலரே. பெய்ஜிங் ஆவணக் காப்பகத்தில் உள்ள ஏறத்தாழ 20 இலட்சம் மஞ்சு ஆவணங்களைப் படிக்கவும் சிபே அறிஞர்களின் துணை வேண்டியிருந்தது. அரசாண்டவரின் கருவூலத் திறவுகோல், ஏவல் செய்தவரின் கையில் இருந்தது!

ஆகவே, காத்தவருக்கே உரிமை என்று தீர்ப்புக் கூறிவிடலாமா? அதற்கு முன் இரண்டு செய்திகளை எண்ண வேண்டும்.

முதலாவது: ஈலி நிலம் ஏன் வெறுமையாகக் கிடந்தது? அது ஜுங்கார் மக்களின் நிலம். 1755 முதல் 1758 வரை நடந்த போர்களில் வாளாலும் அம்மை நோயாலும் பல இலட்சம் ஜுங்கார்கள் மாண்டனர். அவ்வினத்தின் அழிவின் மேல்தான் சிபே மக்களின் புதுவாழ்வு எழுந்தது. குற்றம் அவர்களுடையது அன்று; அவர்களும் ஏவப்பட்டவர்களே. ஆயினும், தன் கண்ணீரை மட்டும் காத்து, தான் நிற்கும் மண்ணில் சிந்திய பிறர் குருதியை மறக்கும் நினைவு பாதி நினைவே. இது அவர்களுக்கு மட்டும் உரிய சோதனை அன்று. தன் வரலாற்றை நேசிக்கும் ஒவ்வோர் இனமும் இதற்கு விடைகூறக் கடமைப்பட்டுள்ளது.

இரண்டாவது: இன்று சாப்சாலிலும் உயர்கல்வியும் வேலைவாய்ப்பும் சீன மொழியில்தான் உள்ளன. பெற்றோர் பலர் பிள்ளைகளைச் சீன மொழியிலேயே வளர்க்கின்றனர். அவர்களைக் குறைகூற நாம் யார்? நம் வியப்புக்காகவும் அறிஞரின் ஆய்வுக்காகவும் ஓர் இனம் வறுமையைச் சுமக்க வேண்டும் என எதிர்பார்ப்பது அறமாகாது. சிறுபான்மையினரின் மொழி வாழ வழிவிடும் கடமை ஆள்வோருடையது. அதைப் பேசும் விருப்பம் அம்மக்களுடையது. கட்டாயத்தால் காப்பது அடிமைத்தனம்; விருப்பத்தோடு காப்பதே பிரமாணிக்கம்.

சிபே இல்லங்களில் 'சிரி மாமா' என்றொரு கயிறு உண்டு. ஆண் பிறந்தால் அதில் சிறு வில்லும் அம்பும், பெண் பிறந்தால் வண்ணத் துணியும் கட்டுவர். ஒரு தலைமுறைக்கும் மறு தலைமுறைக்கும் இடையே சிறு எலும்பொன்றைக் கோப்பர். எழுத்தறியாதாரும் படிக்கக்கூடிய குடும்ப ஏடு அது. ஆண்டின் பெரும்பகுதி பைக்குள் கிடக்கும் அக்கயிற்றைப் புத்தாண்டுக் காலத்தில் வெளியே எடுத்துக் கட்டி வணங்குவர்.

அந்தக் கயிறு யாருக்குச் சொந்தம்? முதல் முடிச்சைப் போட்டவருக்கா, இப்போது கையில் வைத்திருப்பவருக்கா? இருவருக்கும் அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. முன்னவர் அதைக் கொடுத்துவிட்டார். பின்னவர் அதைக் கொடுக்கவேண்டியவர். மரபின்மீது மனிதனுக்கு உள்ளது உடைமை உரிமை அன்று, காவல் பொறுப்பே. நம் கைக்கு வந்துள்ள கயிற்றில் நாம் எதைக் கட்டப்போகிறோம், எதை மறைக்கப்போகிறோம் என்பதை நாமே நம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்வோம்.