பழுது பார்த்தல்

சைக்கிளைப் பழுது பார்க்கிறோம். கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்கிறோம். மழைக்கு முன்னால் ஓட்டுக் கூரையைப் பழுது பார்க்கிறோம். 'பழுது நீக்குதல்' என்றும் சொல்லலாம்தான். ஆனால் மக்கள் வாயில் நிலைத்தது 'பார்த்தல்'. 'வேலை பார்த்தல்' என்பதுபோல் இதுவும் ஒரு வழக்கு, அவ்வளவுதான் என்பார்கள் இலக்கணம் படித்தவர்கள். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு அவர்களோடு வாதாடத் தெம்பில்லை. என்றாலும், குற்றம் எங்கே இருக்கிறது என்று கண் திறந்து பார்ப்பதுதான் எல்லாச் செப்பனிடுதலுக்கும் முதற்படி என்று அந்தச் சொல் சொல்வதாகவே எனக்குப் படுகிறது. அந்த முதற்படியில் கால் வைக்க எனக்கு நான்கு நாட்கள் ஆயின. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் வீட்டுக் கம்ப்யூட்டர் 2014ஆம் ஆண்டில் வாங்கியது. மூன்று நாவல்களும் எண்ணற்ற கதைகளும் அதில்தான் எழுதினேன். வயதான மாடு போல் அது மெல்ல அசைபோடத் தொடங்கியது. காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காப்பி குடித்து, செய்தித்தாளை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு வந்தால்தான் திரை தெளியும். புதிது வாங்கலாம் என்றாள் மனைவி. உள்ளே இருக்கும் உறுப்புகளை மட்டும் மாற்றினால் போதும், செலவு பாதியாகும் என்றேன் நான். சிக்கனம் என்று அதற்குப் பெயர் வைத்தேன். நானே திறந்து நானே மாட்டினேன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும் ஆசையும் அதற்குள் ஒளிந்திருந்தது.

முதல் அடியிலேயே சறுக்கினேன். நினைவகத்துக்கான 'ராம்' பலகை ஒன்றை வாங்கி வந்து பொருத்தப் பார்த்தால் இறங்க மறுக்கிறது. பழைய இயந்திரம் மூன்றாம் தலைமுறைப் பலகையைக் கேட்பது. நான் வாங்கியதோ நான்காம் தலைமுறை. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பிதான். ஆனால் அடியில் உள்ள சிறு வெட்டு, ஒன்றில் இருக்கும் இடத்தில் மற்றொன்றில் இருக்காது. ஆள் மாறி உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். செய்தவன் அறிவாளி. நான் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். நல்ல வேளை, ஒன்றும் முறியவில்லை.

அப்புறம்தான் கடைக்குப் போனேன். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தை அடுத்த ஒரு சந்தில் உள்ள சிறிய கடை. அங்கே வேலை பார்ப்பவன் கல்வராயன் மலையிலிருந்து வந்த இளைஞன். மலையாளி என்று அழைக்கப்படும் மலைவாழ் குடியில் பிறந்தவன். இருபத்துமூன்று வயதுக்கு மேல் இராது. தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பள்ளியில் அவனுக்கு ஒரு மடிக்கணினி கிடைத்ததாம். ஆறு மாதத்தில் அது நின்றுவிட்டது. மலையில் அதைச் சரி செய்ய யார் இருக்கிறார்கள்? தானே திறந்தான், தானே கற்றான். "அது செத்ததாலதான் சார் எனக்குத் தொழில் வந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவன் பொறுமையாக எல்லாம் மாட்டிக் கொடுத்தான். சரியான ராம் வந்தது. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் செய்துவந்த வேலைக்கு, அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. வந்தது. மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் புதிது, பிரித்த பெட்டி என்று விலை குறைத்து விற்றதை நானே வாங்கி வந்திருந்தேன். அதில் ஒரு கேபிள் குறைந்தது. அதனால் பழைய டிஸ்கை மட்டும் இணைக்க முடியவில்லை.

"இதே கம்பெனிக் கேபிள் வரவழைச்சு மாட்டித் தரேன் சார். அதுவரைக்கும் வேற கேபிளை மாட்டிடாதீங்க" என்றான்.

தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டிஸ்கில் என் எழுத்துக்கள் இருந்தன. அவற்றின் பிரதி பத்திரிகை அலுவலகங்களில் கிடைக்கும். பிரதி இல்லாத ஒன்றும் அதில் இருந்தது. என் தாயார் காலமாவதற்கு முன் தம் குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசியதைப் பதிவு செய்து வைத்திருந்தேன். இடையில் இருமுவார்கள், 'போதுமாடா?' என்பார்கள். அன்றிரவு அதைக் கேட்க வேண்டும் போல் இருந்தது. அண்ணன் மகன் கழற்றிப் போட்ட கேபிள் ஒன்று மேசை அறையில் கிடந்தது. எடுத்துப் பொருத்தினேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்விட்சைப் போட்டேன். கருகிய வாசனை ஒரு கணம். பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. மீண்டும் அழுத்தினால் விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றது.

நடந்தது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். ராம் பலகையில் வெட்டு வைத்த அறிவாளி இங்கே இல்லை. இந்தக் கேபிள்களில், டிஸ்கில் செருகும் முனை உலகம் முழுவதும் ஒன்றுதான். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் செருகும் முனையிலோ ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி கம்பிகளை வரிசைப்படுத்திக்கொள்கிறது. முனை பொருந்தும், மின்சாரம் பொருந்தாது. முன்பெல்லாம் ஐந்து வோல்ட்டுக்குச் சிவப்பு, பன்னிரண்டுக்கு மஞ்சள் என்று நிறம் பார்த்துக் கண்டுகொள்ளலாம். என் கையில் இருந்த கேபிளில் அழகுக்காக எல்லாக் கம்பிகளும் கறுப்பு. ஐந்து வோல்ட் போக வேண்டிய வழியில் பன்னிரண்டைப் பாய்ச்சிவிட்டேன்.

மறுநாள் காலை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடை முதலாளி இருந்தார். வேறு வாடிக்கையாளர்களும் நின்றார்கள்.

"நீங்கள் மாட்டிக் கொடுத்த மறுநாளே செத்துப் போச்சு" என்றேன்.

இதுவரை அது பொய் அல்ல, பாருங்கள்! காலக் கணக்கு சரிதான். உண்மையின் சட்டையைப் பொய்க்கு மாட்டிவிடுவதில் எழுத்தாளனுக்கு உள்ள பழக்கம் அப்படி. அந்தப் பையன் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். நிமிர்ந்தான்.

"வேற கேபிள் ஏதாச்சும் மாட்டினீங்களா, சார்?"

"இல்லை" என்றேன்.

ஒரே சொல். அதற்கு என்னை யாரும் வற்புறுத்தவில்லை. 'ஆமாம்' என்றிருந்தால் என்ன நஷ்டம்? கொஞ்சம் சிரித்திருப்பார்கள். கதை எழுதுகிறவர், புத்தி இல்லாமல் செய்துவிட்டார் என்றிருப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, மாதச் சம்பளக்காரன் ஒருவனை நாலு பேர் முன்னிலையில் குற்றவாளி ஆக்கினேன்.

முதலாளி அவனைக் கடிந்துகொண்டார். "டிஸ்க் போச்சுன்னா உன் சம்பளத்துலதான் பிடிப்பேன்" என்றார். அவன் பதில் பேசவில்லை. "என் கை பட்டிருக்கும் சார். பார்த்துடறேன்" என்று என்னிடம் சொன்னான். டிஸ்கைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டான். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. பழுது டிஸ்கில்தான் என்று தெரிந்தது.

டிஸ்கின் அடியில் ஒரு பச்சைப் பலகை உண்டு. அதில் அரிசியைவிடச் சற்றே பெரிய கறுப்புத் துண்டு ஒன்றைக் காட்டினான். டி.வி.எஸ். டயோடு என்று அதற்குப் பெயர். நமக்கு டி.வி.எஸ். என்றால் பஸ்தான் ஞாபகம் வரும், இது வேறு. அளவுக்கு மீறிய மின்சாரம் வந்தால் உள்ளே விடாமல் தானே ஏற்றுத் தரைக்குத் தள்ளிவிடுவது இதன் வேலை. அடி பலமாக இருந்தால் அந்த முயற்சியிலேயே இது செத்துப் போகும். செத்த பிறகும் வழியை மறித்துக்கொண்டே கிடக்கும். அதனால்தான் கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தது. சூடு காட்டி அந்தத் துண்டை நெம்பி எடுத்தான். டிஸ்கை மாட்டினான். அது சுழலும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிடத்தில் 'போதுமாடா?' என்ற குரல் அந்தக் கடைக்குள் ஒலித்தது.

"இந்தத் துண்டு இல்லாவிட்டால் பரவாயில்லையா, தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லாமலும் ஓடும் சார். ஆனா அடுத்த அடி நேரா உள்ளே விழும்."

அன்றும் மறுநாளும் எனக்கு எழுத்து ஓடவில்லை. என்னை நானே பல வகையில் சமாதானம் செய்து பார்த்தேன். டிஸ்க் பிழைத்துவிட்டது, அவன் சம்பளம் பிடிபடவில்லை, யாருக்கு என்ன கெடுதல்? தாயின் குரலைக் கேட்க ஆசைப்பட்டது ஒரு குற்றமா? கேபிள் செய்த கம்பெனிக்காரன் மேல் பாதிப் பழி இல்லையா? இந்த வாதங்கள் எல்லாம் பொய் அல்ல. ஆனால் அவற்றில் ஒன்றுகூட 'இல்லை' என்று நான் சொன்ன சொல்லுக்குப் பதில் ஆகவில்லை.

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் பேர்போன ஊர். 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. உளி ஒரு நூல் பிசகினால் மரம் அதை மறைக்காது. செய்தவன் கண்ணுக்கு முன்னால் அது நின்றுகொண்டே இருக்கும். இயந்திரம் அப்படி அல்ல. கெட்ட உறுப்பைக் கழற்றி வேறொன்றை வைத்துவிடலாம். உறுப்பை மாற்றுவது போலவே குற்றத்தையும் இடம் மாற்றிவிடலாம் என்று நாமும் பழகிப் போகிறோம்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் மலைக்குப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டேன். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ் ஏறினேன். கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. அவன் தகப்பனாரோடு மரவள்ளிக் கொல்லையில் நின்றான். என்னைக் கண்டதும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

சொல்லிவிட்டேன். அவன் திகைக்கவே இல்லை.

"எனக்குத் தெரியும் சார். அந்தக் கேபிளைக் கழற்ற மறந்துட்டீங்க. உள்ளேயே இருந்துச்சு. நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன்."

"ஏன் அப்பொழுதே சொல்லவில்லை?"

"பெரியவங்க நீங்க. பத்துப் பேர் முன்னாடி எப்படிச் சார் சொல்றது? விடுங்க. முதலாளிகிட்டேயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவன் தாயார் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, பாரம் இறங்கிய மனத்தோடு பஸ் ஏறினேன். அணைக்கட்டுத் தெரிகிற வரையில் அந்த நிம்மதி இருந்தது. அங்கேதான் அந்தக் கறுப்புத் துண்டு நினைவுக்கு வந்தது.

காந்தியடிகள் பதினைந்து வயதில் அண்ணன் கைக் காப்பிலிருந்து சிறிது பொன்னை வெட்டி எடுத்தார். பிறகு குற்றத்தை எழுதி, நோயுற்றிருந்த தகப்பனார் கையில் கொடுத்தார். தகப்பனார் கண்ணீர் விட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார் என்பதை நாம் எல்லாரும் அறிவோம். அந்தக் கடிதத்தில் இன்னொரு வேண்டுகோளும் இருந்தது என்று சத்திய சோதனையில் அவர் எழுதியிருக்கிறார். என் குற்றத்துக்காகத் தாங்கள் தங்களைத் தண்டித்துக்கொள்ள வேண்டாம் என்பது அது. சிறு வயதில் இதைப் படித்தபோது அந்த வரியைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். நம் பிழைக்காகத் தம்மை வருத்திக்கொள்ளத் தயாராக ஒருவர் இருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்வதும், அதை வேண்டாம் என்று தடுப்பதும் ஒப்புதல் வாக்குமூலத்தில் சேர்ந்தவைதான்.

எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. கணவனின் கோபத்தைத் தான் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் காக்கும் தாய். தம்பி உடைத்ததை 'நான்தான்' என்று ஏற்கும் அக்காள். மேலதிகாரியின் பிழைக்குத் தலை குனியும் குமாஸ்தா. அவர்களைப் புகழ்ந்து நாம் கதை எழுதுகிறோம். நானே எழுதியிருக்கிறேன். ஆனால் அவர்கள் எத்தனை அடி தாங்குவார்கள் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு நாள் அவர்கள் இல்லாமற் போகிறார்கள். குடும்பம் அப்படியே ஓடுவதாகத்தான் தோன்றும், அடுத்த அடி விழும் வரையில்.

அந்தப் பிள்ளையின் மன்னிப்பை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிய நான், மறுபடியும் அவனைத்தான் அடி தாங்க வைத்திருந்தேன். பொய் சொன்னது கடையில். மெய் சொன்னதோ மலையில், மரவள்ளிச் செடிகளுக்கு நடுவில். கடையில் அவன் இன்னும் கவனக்குறைவான பையன்தான்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். அன்று இருந்த அத்தனை பேரும் இல்லை. இரண்டு பேர் இருந்தார்கள். முதலாளியிடம், நான் மாட்டிய கேபிளால்தான் டிஸ்க் கெட்டது என்றும், கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். குரல் நடுங்கியது. இருவரில் ஒருவர் சிரித்தார். நான் பயந்த சிரிப்பு அதுதான். அது அவ்வளவு சிறியது. முதலாளி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பி, "ஏம்ப்பா, சாருக்கு ஒரு டீ சொல்லு" என்றார். சற்றுப் பொறுத்து, "உனக்கும் சேர்த்துச் சொல்லு" என்றார்.

அடுத்த வாரம் அந்த இளைஞன் வீட்டுக்கு வந்து, டிஸ்கில் புதிய டயோடு ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தான். தாயார் குரலை வேறு இரண்டு இடங்களில் பிரதி செய்து வைத்தான். கூலியை வற்புறுத்திக் கொடுத்தேன். போகும்போது, தான் ஒளித்து வைத்திருந்த கேபிளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.